ஆத்தாவின் வலிக்கு ஒரு கஞ்சாச் செடி

"ஏனுங்க ஆத்தா, இத்தனை வருசமாக் கும்பிட்ட சாமி உங்க வலியைக் கொஞ்சம் வாங்கிக்கிட்டா அதுக்கென்ன குறைஞ்சா போயிரும்?"

கேட்டவன் சென்னியப்பன். சீடன்தான், ஆனால் அறுபதைத் தாண்டிய சீடன். காலமெல்லாம் லாரி ஓட்டிவிட்டு, பெண்டாட்டி செத்த பிறகு மலையடிவாரத்துக்கு வந்து சேர்ந்தவன். அங்கே குடிசை போட்டுச் சாமி கும்பிட்டுக்கொண்டிருந்த மாராயி ஆத்தா அவனைவிட வயதில் சின்னவள். அதனால் என்ன? குரு என்று காலில் விழுந்தாயிற்று, அப்புறம் ஆத்தாதான்.

ஆத்தாவுக்கு இடுப்பெலும்பில் புற்று. பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கொடுத்த மாத்திரை கொஞ்ச நேரம் தாங்கும். அப்புறம் கத்துவாள். ஓடைக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும், அப்படிக் கத்துவாள்.

"சாமி கிடக்குது, விடு," என்றாள் ஆத்தா. "எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு."

அந்த வாரம் ஒரு பண்டாரம் அந்த வழியாக வந்தான். ஆத்தா கத்துவதைக் கேட்டுவிட்டுச் சென்னியப்பனைத் தனியே கூப்பிட்டான். மடியிலிருந்து நாலைந்து கஞ்சா விதையை எடுத்துக் கொடுத்தான். பூப் பிடித்ததும் பறித்துக் காயவைத்துப் பாலில் காய்ச்சிக் கொடு, வலி அடங்கித் தூங்குவாள் என்றான். பிடிபட்டால் ஜெயில், பார்த்துக்கொள் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

ஜெயிலாவது மயிலாவது. ஆத்தா தூங்கினால் போதும் சென்னியப்பனுக்கு.

பாறைக்குப் பின்னால் யார் கண்ணும் படாத இடமாகப் பார்த்து ஊன்றினான். ஒன்றே ஒன்றுதான் முளைத்தது.

லாரி ஓட்டினவனுக்குச் செடியைப் பற்றி என்ன தெரியும்? குடம் குடமாக ஊற்றினான். செடி துவண்டது. தாகம் போலிருக்கிறது என்று இன்னும் ஊற்றினான். பச்சைச் சாணியை அள்ளி வைத்தான், இலையெல்லாம் ஓரம் கருகிப்போனது. தலையில் அடித்துக்கொண்டு சாணியை வழித்தெடுத்தான். எப்படியோ, அவன் கையிலும் அது பிழைத்தது.

பிழைத்தபிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. காலையில் கஞ்சியும் மாத்திரையும் ஆத்தாவின் தலைமாட்டில் வைத்துவிட்டு ஓடுவான். புழு பார்ப்பான், களை பிடுங்குவான், முள்வேலி கட்டுவான். பன்றி வந்து முட்டிவிடும் என்று படுக்கையையும் பாறைக்கே கொண்டுபோய்விட்டான். பாவி மனுசன், பெண்டாட்டி போனதிலிருந்து அவ்வளவு சந்தோசமாக இருந்ததே இல்லை.

குடிசைக்கு வந்தாலும் அதே பேச்சுதான். இடுப்பளவு வந்துவிட்டது என்பான். தோளுக்கு வந்துவிட்டது என்பான். ஆத்தா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்பாள். மழை வருகிற மாதிரி இருக்கிறது என்று அவன் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவான்.

ஆவணியில் செடி மொட்டு வைத்தது. சென்னியப்பன் ஓடிவந்து, இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் ஆத்தா என்றான். வலியில் ஆத்தாவால் அப்போது பேச முடியவில்லை.

பண்டாரம் திரும்பி வந்தது அந்தச் சமயத்தில்தான். சென்னியப்பன் பெருமையாக அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான்.

பண்டாரம் கொத்தை நிமிர்த்திப் பார்த்தான். உச்சுக்கொட்டினான். இது ஆண் செடியப்பா என்றான். பப்பாளியில் ஆண் மரம் காய்க்குமா? அந்த மாதிரிதான் இதுவும். நீ நினைக்கிற பூ இதில் வராது, வெறும் மகரந்தம்தான் கொட்டும். நாலைந்து முளைத்திருந்தால் பெண்ணும் இருந்திருக்கும். மறுபடி போட்டால் அடுத்த வருசம்.

அடுத்த வருசம் வரைக்கும் ஆத்தா இருக்கமாட்டாள். அது பண்டாரத்துக்கும் தெரியும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சென்னியப்பன் செடியை வேரோடு பிடுங்கினான். இழுத்துக்கொண்டு வந்து குடிசை வாசலில் போட்டான். நிலைப்படியில் தலையை முட்டிக்கொண்டு அழுதான்.

"மோசம் போயிட்டனுங்க ஆத்தா. ஆணாப் போச்சுங்க. ஒரு சொட்டு மருந்துகூட இதுல இல்லீங்க. நான் பட்ட பாடெல்லாம் வீணுங்க."

ஆத்தா மெதுவாகத் தலையைத் திருப்பிச் செடியைப் பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை.

"வீணுன்னு யாரு சொன்னா? நல்லா வேலை செஞ்சுதே."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தான். "வலி குறைஞ்சுதுங்களா ஆத்தா?"

"எனக்கு இல்லப்பா. உனக்கு. இத்தனை மாசமா நான் கத்துனது ஒன்னும் உன் காதுல விழலையே."

சென்னியப்பன் நிலைப்படியிலேயே உட்கார்ந்தான்.

அதற்குள் வலி வந்துவிட்டது. ஆத்தா பாயைப் பிறாண்டிக்கொண்டு கத்த ஆரம்பித்தாள்.

சென்னியப்பன் பழக்கத்தில் எழுந்தான். போய்ப் பார்க்கச் செடி இல்லை.