பதினோரு நோட்டீஸ்

தோல் தொழிற்சாலைத் தொழிலாளர் சங்கத்தின் நெடுநாள் தலைவர் மாசிலாமணி அறுபத்து நான்காம் வயதில் ஆங்கிலம் படிக்க வந்தார். முழு ஆங்கிலமும் வேண்டாம். ஒரே ஒரு வாக்கியம் போதும்.

சைக்கிள் கடை மாடியில் வகுப்பு நடத்திய பியூலா டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்ததும் மாசிலாமணிக்கு முழங்கால் இடித்தது.

"இங்கிலீஷ் இல்லாமலே மூணு மேனேஜரை ஊரை விட்டு அனுப்பினவன் டீச்சர் நான்."

"நாலாவது ஆளுக்கு வேணுமாக்கும்," என்றாள் அவள்.

அவர் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் முன்பு கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய எட்டியப்பன், விஷவாயு தாக்கிச் செத்துப்போனான். முகமூடி கொடுக்கவில்லை. இங்கே தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சனிக்கிழமை விசாரிக்க வருகிறார்கள். மொழிபெயர்க்க ஆள் போட்டிருப்பது நிர்வாகம். அந்த ஆளின் வாய்க்குத் தம் பேச்சைக் கொடுக்க மாசிலாமணிக்கு மனமில்லை.

"என்ன சொல்லணும் ஐயா?"

"எட்டியப்பன் செத்தப்போ, நாங்க பதினோரு வருஷமா முகமூடி கேட்டுக்கினே இருந்தோம். அவ்ளோதான். மிச்சத்துக்கு அவனுங்க பதில் சொல்லட்டும்."

அவள் அதை ஆங்கிலத்தில் பலகையில் எழுதினாள்.

"இதுல ரெண்டு காரியம் இருக்கு. ஒண்ணு ரொம்ப நாளா நடந்துக்கிட்டே இருந்தது. இன்னொண்ணு திடீர்னு வந்து விழுந்தது. ரெண்டுமே முடிஞ்சுபோனது. நடந்துக்கிட்டே இருந்ததுக்கு ஹேட் பீன் போடணும். அடுத்து, செஞ்ச வேலை. அதோட வால்ல ஒரு இங். வந்து விழுந்ததுக்குச் சாதாரண இறந்தகாலம் போதும்."

"வீ ஹேட் பீன் ஆஸ்கிங் ஃபார் மாஸ்க்ஸ்," என்றார் அவர். "ஃபார் லெவன் இயர்ஸ். வென் எட்டியப்பன் டைடு."

அரை மணி நேரத்தில் அது கோஷம் மாதிரி வாயில் படிந்துவிட்டது. நாற்பது வருடம் மைக் பிடித்த தொண்டை.

"எப்படி?" என்றார்.

"நல்லா வருது. அவங்க திருப்பிக் கேட்பாங்களே. ஒவ்வொரு வருஷமும் என்ன செஞ்சீங்க?"

"ஆதாரம் இல்லாம மாசிலாமணி வாய் திறந்ததில்ல." பையிலிருந்து ஒரு கட்டு எடுத்து வைத்தார். வருடம் ஒன்றாகப் பதினோரு மே தின நோட்டீஸ்.

அவள் பலகையில் ஒன்றிலிருந்து பதினொன்று வரை எழுதினாள்.

"முதல் வருஷம்?"

"மனு கொடுத்தோம். மேனேஜர் கையெழுத்துப் போட்ட நகல் இருக்கு."

"ரெண்டாவது?"

"கேட் மீட்டிங். எண்ணூறு பேர்."

"மூணாவது?"

"ஒன்பது நாள் வாசல்ல உட்கார்ந்தோம். பதினஞ்சு நாள் ஜெயில்."

"நாலாவது?"

"நோட்டீஸ்."

"அஞ்சாவது?"

"நோட்டீஸ்தான்."

அவள் மேலே கேட்கவில்லை. பதினொன்றையும் பெஞ்சின்மேல் வரிசையாகப் பரப்பினாள். நான்காவதிலிருந்து எல்லாம் ஒரே நோட்டீஸ். 'ஆண்டுகளாகத் தொடர்ந்து போராடி வருகிறோம்' என்ற அதே வரி. 'பாதுகாப்பு' என்பதில் விழுந்த அதே அச்சுப்பிழை.

"அச்சாபீஸ்காரன்கிட்ட வருஷத்தை மட்டும் மாத்துன்னு சொல்லிடுவேன்," என்றார் பெருமையாக. "மிச்சமெல்லாம் அவன்கிட்ட அப்படியே இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

"இது மேனேஜர் கைக்குப் போச்சா ஐயா?"

"சுவத்துல ஒட்டுவோம்."

"மேனேஜர் கைக்கு?"

"இல்ல."

"மூணு வருஷத்துக்கு அப்புறம் மனு?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். கீழே யாரோ டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெயிலுக்குப் பிறகு உடம்பு கேட்கவில்லை என்று சொல்லலாம். சங்கம் இரண்டாக உடைந்தது என்று சொல்லலாம். இரண்டும் உண்மைதான். இரண்டையும் மேடையில் பலமுறை சொல்லியாயிற்று.

"யார் ஒட்டுவாங்க?" என்றாள் அவள்.

அவர் கை நோட்டீஸின் ஓரத்தைத் தடவியது.

"எட்டியப்பன். பசை வாளி அவன்கிட்டதான் இருக்கும்."

"அவர் ஒண்ணும் கேட்க மாட்டாரா?"

"கேட்பான். ஒவ்வொரு மே தினத்துக்கும். 'தலைவரே, முகமூடி எப்ப வரும்?' ஒட்டி முடிச்சுட்டுக் கையைக் கழுவுறப்போ கேட்பான்."

"நீங்க?"

"கேட்டுக்கினே இருக்கோம்டான்னுவேன்."

எட்டியப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நோட்டீஸில் என்ன இருக்கிறது என்று தலைவர் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும். போன மே தினத்தில் தாமே வாசித்துக் காட்டியது மாசிலாமணிக்கு நினைவு வந்தது. பதினோராவது ஆண்டு என்றதும் அவன் சிரித்தான். அத்தனை வருஷம் கேட்டிருக்கோமா தலைவரே என்றான்.

முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லாமல் அவர் நோட்டீஸ்களை அடுக்கத் தொடங்கினார். அடுக்கு சேரவில்லை.

"அப்போ இந்த வாக்கியம் தப்பு," என்றார்.

"வாக்கியம் தப்பில்லை."

டீச்சர் பலகையில் முதல் சொல்லை மட்டும் அழித்தாள். 'நாங்கள்' என்னும் அந்த 'வீ' போய்விட்டது. பதினோரு வருடக் கேள்வியும் சாவும் அப்படியே இருந்தன. அவள் சாக்குக்கட்டியை அவரிடம் நீட்டினாள்.

அவர் எழுந்து போய், காலியிடத்தில் எட்டியப்பன் பெயரை எழுதினார். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுத்தான் எழுத முடிந்தது.

சாக்குக்கட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"சனிக்கிழமை அவன் சம்சாரமும் அங்க வரும் டீச்சர். அந்தம்மா முன்னாடி நின்னு இதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?"

"சனிக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு ஐயா. அவங்க வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். இன்னைக்குப் போய்த் தமிழ்ல சொல்லிட்டு வாங்க."