பழி கேட்டு வந்த மூவர்

பரிசுக்காக மூன்று பேர் அடித்துக்கொண்ட கதைகள் நிறைய உண்டு. இது ஒரே பழியை மூன்று பேர் எனக்கு, எனக்கு என்று கேட்ட கதை. கடைசியில் ஒரு கேள்வி வரும், பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

மலையடிவாரத்தில் ஓர் உருக்காலை. அதன் ஆராய்ச்சிப் பிரிவில் பூங்கோதைக்கு வேலை, கம்ப்யூட்டருக்குள் எஃகைச் செய்து பார்ப்பது. எஃகைப் பலமாக இழுத்தால் உள்ளே அணு வரிசைகள் நழுவும். விரிப்பில் விழுந்த சுருக்கத்தைக் கையால் தள்ளினால் நகருமே, அதுபோல அந்த நழுவல் ஒரு கோடாக ஓடும். வழியில் கண்ணுக்கே தெரியாத கெட்டித் துகள்கள் இருந்தால் கோடு அவற்றில் மாட்டிக்கொண்டு நிற்கும். அது நிற்கும்வரை எஃகு தாங்கும். துகள் எவ்வளவு பெரிதாக, எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதுதான் அவள் தேடியது.

அந்த எஃகில் பாரம் தூக்கும் கொக்கி செய்வதாகத் திட்டம். ஒரு கொக்கிக்குள் கோடானுகோடித் துகள்கள். அத்தனையையும் எந்தக் கம்ப்யூட்டரும் கணக்கிடாது. அதனால் நான்கே துகள்கள் உள்ள சின்னப் பெட்டி ஒன்றைக் கணக்கிட்டு, அதே பெட்டி எல்லாப் பக்கமும் அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்வார்கள். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான். ஒரு குறை: துகள்களின் இடைவெளி எங்கும் ஒரே சீராக அமைந்துவிடும். நிஜ எஃகு அப்படி இருக்காது. அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் பூங்கோதை இதை எழுதியே வைத்தாள்: "உண்மையில் எங்காவது அகன்ற இடைவெளி இருக்கலாம். இழுத்துப் பார்க்காமல் நம்பக் கூடாது."

இழுத்துப் பார்க்கும் கொட்டகையில் அளவு குறிப்பவன் அவள் கணவன் சந்தனராஜ்.

"பதினோரு நாளா அந்தப் பொட்டி முன்னாலயே உக்காந்திருக்க. என்னையும் ஒரு துகளா உள்ள போட்டுரு கோதை, அப்பவாவது என்னப் பாப்ப" என்பான்.

"நீங்க ரொம்பப் பெருசு. கோடு சுத்திக்கிட்டுப் போயிரும்" என்பாள்.

சோதனை நாள் காலை, ஷூவை மாட்டிக்கொண்டே கேட்டான். "இன்னைக்கு உன் கொக்கி. உடையாதுல்ல?"

"உடையாதுங்க. நான் பாத்துட்டேன்."

கொட்டகையில் இயந்திரத்தைச் சுற்றி ஒரு மஞ்சள் கோடு உண்டு. மேற்பார்வையாளர் ஸ்டீபன் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயருக்குரியவர் கோட்டுக்கு அப்பால் நின்று "வெளியே" என்று குரல் கொடுத்த பிறகுதான் ஸ்டீபன் இயந்திரத்தின் விசையைத் தொடுவார். சந்தனராஜும் குரல் கொடுத்தான். சுமை ஏறியது. நாற்பது டன்னில் 'டிக்' என்று ஒரு சத்தம். எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள். அவன் மட்டும் கோட்டைத் தாண்டி உள்ளே போனான்.

"யோவ், வெளிய வாய்யா!" ஸ்டீபன் கத்திக்கொண்டே விசையை அணைத்தார். ஏறிய சுமை உடனே இறங்காது.

"எங்க வீட்டுக்காரி கொக்கி சார். உடையாது" என்று சிரித்தபடி குனிந்தான்.

உடைந்தது. நெஞ்சில் அடிபட்டு விழுந்தவன் எழவில்லை.

உடைந்த துண்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். துகள்களின் அளவு பூங்கோதை கேட்டது கேட்டபடியே இருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் துகளே இல்லாத ஓர் இடைவெளி. நழுவல் அந்த வழியாக ஓடியிருந்தது.

விசாரணைக்கு வந்தவர் வேதமூர்த்தி. அவர் படிவத்தில் 'விபத்துக்குக் காரணமானவர்' என்று ஒரு கட்டம். ஒரு பெயருக்குத்தான் இடம். மூன்று பேர் தாங்களாகவே வந்து நின்றார்கள்.

உலைக்காரர் காஜா மைதீன், "துகள் வளர்றது என் உலையிலதான் சார். பத்து நிமிஷம் முன்னப்பின்ன எடுத்துட்டேனோ என்னவோ. என் பேரை எழுதுங்க" என்றார்.

ஸ்டீபன், "கத்துனேன் சார். ஓடிப்போய்க் கையைப் பிடிச்சு இழுத்திருக்கணும்" என்றார்.

பூங்கோதை கடைசியாகப் பேசினாள். "கணக்கு என்னோடது. அவரு பேரு இருக்கிற தாள்ல என் பேரும் இருக்கட்டும் சார். இனிமே வேற எதுல சேந்து இருக்கப் போகுது?"

வேதமூர்த்தி பேனாவைத் திறந்தார். அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது சரி?

விடை: காஜா மைதீன் அல்ல, துகளின் அளவு சரியாக இருந்தது. ஸ்டீபன் அல்ல, குரல் கேட்ட பிறகே விசையைத் தொட்டார், கண்டவுடன் அணைத்தார். கொக்கி உடைந்தது குற்றமே அல்ல. உடையுமா என்று பார்க்கத்தானே இழுத்தார்கள், அதற்குத்தானே மஞ்சள் கோடு. பூங்கோதையின் கணக்கும் தன் குறையைத் தானே சொல்லியிருந்தது. மிஞ்சுவது கோட்டைத் தாண்டியவன்; பழி கேட்டு வராதவன், வர முடியாதவன். வேதமூர்த்தி சந்தனராஜ் என்றுதான் எழுதினார். அதுதான் சரி. பூங்கோதை வாசித்தாள். "கடைசிப் பக்கத்துல எழுதினேன் சார்" என்றாள். "வீட்ல சொல்லல." அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.