கேஸ்கெட் மீது ஒரு விசாரணை

புளியம்பாறை நூற்பாலைத் தொழிலாளர் சங்கத்துக்கு நடந்த துரோகங்களைத் தலைவர் கொம்பையா வரிசை பிசகாமல் சொல்லுவார். நடுவில் யாராவது வாயைத் திறந்தால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார். அதனால் யாரும் வாயைத் திறப்பதில்லை.

முதலாவது, தீபாவளிக்கு முந்தின நாள் நிர்வாகம் ஆலைக் கதவைப் பூட்டியது. இரண்டாவது, பூட்டைத் திறந்த அன்றைக்கே, விளக்கம் கேட்காமல், விசாரணை வைக்காமல், கொம்பையாவோடு சேர்த்து நாலு பேரை வேலையை விட்டு நீக்கியது. மூன்றாவது, அந்த நாலு பேர் இடத்தில் வெளியூர் ஆட்களை நிறுத்தியது. நான்காவது, சமரசம் பேச வந்த அதிகாரி நிர்வாகத்துக்குக் காபியும் சங்கத்துக்குப் பச்சைத் தண்ணீரும் கொடுக்கச் சொன்னது. ஐந்தாவது, சங்கம் இரண்டாக உடைந்தபோது எதிர்க்கோஷ்டி மைக் செட்டைத் தூக்கிக்கொண்டு, இவர்கள் தலையில் சங்கத்தின் பழைய காரைக் கட்டிவிட்டுப் போனது. ஆறாவது துரோகத்தை அந்தக் காரே செய்தது. அதுவும் வழக்குக்கு முதல் நாள்.

மிஞ்சிய சங்கம் என்பது வேலை போன அந்த நாலு பேர்தான். தலைவர் கொம்பையா, பொருள் இல்லாத சங்கத்தின் பொருளாளர் மாசானம், பிரச்சாரச் செயலாளர் சூசைமரியான், கார் ஓட்டும் இருளப்பன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஜில்லாத் தலைநகரில் தொழிலாளர் கோர்ட். வக்கீல் தெளிவாகச் சொல்லியிருந்தார்: கொம்பையா பேரை மூன்று தரம் கூப்பிடுவார்கள், உள்ளே போய் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் நாலு பேர் வேலையும் போனது போனதுதான். கோர்ட் வாசலுக்கே பஸ் உண்டு. ஆனால் மேனேஜர் காரில் வருகிறவர். எனவே சங்கமும் சங்கத்தின் காரிலேயே செல்வதென்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியிருந்தது.

அந்தக் கார் அன்று காலை பின்னால் வெள்ளைவெளேரென்று புகை விட்டது. ரேடியேட்டரில் ஊற்றிய தண்ணீர் குறைந்துகொண்டே போனது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. மச்சினன் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பிய மெக்கானிக் ஜெபராஜ், பைக்கை அணைக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னான்: "இன்ஜினோட தலைக்கும் பிளாக்குக்கும் நடுவுல ஹெட் கேஸ்கெட்னு ஒரு தகடு இருக்கு. ஆயிலும் தண்ணியும் கலக்காம காப்பாத்துறது அதான். ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. காபி நிறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்குன்னு அர்த்தம். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோட திறக்காதீங்க, ஆறட்டும். கலந்திருந்தா இன்ஜினை ஓட்டவே கூடாது. சாயங்காலம் வாறேன்."

குச்சியை உருவினார்கள். காபி நிறமா என்று சும்மா சொல்லிவிட முடியாது, ஆதாரம் வேண்டும். எதிர்த்த கடையில் காபி ஒன்று வாங்கி பானெட்டின் மேல் வைத்து இரண்டையும் பார்த்தார்கள். சரியாகத் தெரியவில்லை என்று மாசானம் குச்சியைக் காபிக்குள் விட்டுப் பார்த்தார். பிறகு, ஆதாரம் ஆறிப்போகிறதே என்று அதைக் குடித்தும் விட்டார். காபி என்று இரண்டு பேர் கை தூக்கினார்கள். டீ என்று சூசைமரியான் ஒருவர் மட்டும் தூக்கினார். இருளப்பன் நடுநிலை. மாசானத்துக்கு வயிற்றைக் கலக்கியது கூட்டக் குறிப்பில் ஏறவில்லை.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. கார் காலையிலிருந்து வெயிலில் நின்றதால் மூடி தொட்டால் சுட்டது. ஆறட்டும் என்று சங்கத்தின் பழைய உண்ணாவிரதப் பந்தலைக் கொண்டுவந்து காருக்கு மேல் போட்டு, நாலு பேரும் கீழே உட்கார்ந்து விசிறினார்கள். பந்தலைப் பார்த்த ஜனங்கள் மறுபடியும் உண்ணாவிரதம் என்று நினைத்தார்கள். கவுன்சிலர் ஓடி வந்து எலுமிச்சம்பழச் சாற்றை நீட்டினார். வயிறு சரியில்லாத மாசானம் அதை வாங்கிக் குடித்தார். ஜனங்கள் கைதட்டிவிட்டுக் கலைந்து போனார்கள். ஒரு கோரிக்கைகூட வைக்காமல் போராட்டம் முடிந்துபோனதில் கொம்பையாவுக்கு மனசு ஆறவில்லை. மூடி ஆறிவிட்டது. திறந்தார்கள். தண்ணீரில் எண்ணெய் வட்டம் வட்டமாக மிதந்தது.

கொம்பையா குனிந்து அதைப் பார்த்தார். இந்தக் காட்சி அவருக்குப் புதிதல்ல.

"எண்ணெயும் தண்ணியும் தானா சேருமாவே?" என்று கேட்டார்.

"சேராது அண்ணாச்சி," என்றார் சூசைமரியான்.

"சேர்ந்திருக்குன்னா, நடுவுல நின்னவன் விலை போயிட்டான்."

மற்ற மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். சங்கம் உடைந்த அன்றைக்கும் அவர் இதையேதான் சொன்னார்.

சாயங்காலம் ஜெபராஜ் சொன்னபடி வந்தான். ஹேண்டில்பாரில் புதுக் கேஸ்கெட் தொங்கியது. பழசைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் காலையில் ஜம்மென்று போகலாம் என்றான்.

"கழத்திட்டுன்னா?" என்றார் கொம்பையா.

"கழத்தித் தூரப் போட வேண்டியதுதான்."

"விளக்கம் கேட்டியா?"

"யாருகிட்ட?"

"இத்தனை வருஷம் அந்த இன்ஜினுக்குள்ள கிடந்து வெந்தவன்கிட்ட."

காலையில் அவனைத் துரோகி என்று சொன்னீர்களே என்று மாசானம் கேட்டார். கொம்பையா குரலை உயர்த்தாமல் பதில் சொன்னார்: "துரோகிதான். ஆனா துரோகிக்கும் சட்டம் உண்டு. விசாரணை இல்லாம நீக்கினா, நமக்கும் அந்த மேனேஜருக்கும் என்னவே வித்தியாசம்? நாளைக்குக் கோர்ட்ல எந்த மூஞ்சியோட நிப்பேன்?"

அப்போதுதான் இருளப்பன் புதுக் கேஸ்கெட்டைக் காட்டி, "அப்ப இது யாரு அண்ணாச்சி?" என்றான்.

நாலு பேரும் ஹேண்டில்பாரைப் பார்த்தார்கள். வெளியூர் சரக்கு. ஒருத்தன் வேலை போகுமுன்பே அவன் இடத்துக்கு வந்து நிற்கிறது.

"கருங்காலி," என்றார் மாசானம், மெதுவாக.

ஜெபராஜ் தன் கருங்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பானெட்டின் மேல் நோட்டீஸ் ஒட்டினார்கள்: எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் உடந்தையாக இருந்தது ஏன் என்று விடிவதற்குள் விளக்கம் தர வேண்டும். விடிந்தது. விளக்கம் வரவில்லை. இனி பாரபட்சமில்லாத சாட்சிகள் முன்னிலையில் பேரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். அப்படிப்பட்ட சாட்சிகள் புளியம்பாறையில் கிடையாது என்பதால், விசாரணையைக் கோர்ட் வளாகத்திலேயே வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று.

இன்ஜினை ஓட்டக் கூடாது என்று மெக்கானிக் சொல்லியிருந்தான். காரில்தான் போக வேண்டும் என்று தீர்மானம் இருந்தது. இரண்டையும் மீறாமல் தள்ளிக்கொண்டே போனார்கள். இருளப்பன் ஸ்டியரிங் பிடித்தான். தலைமை முன்னால் இருக்க வேண்டும் என்பதால் கொம்பையா முன் சீட்டில் உட்கார்ந்தார். மற்ற இரண்டு பேரும் தொண்டர்கள். பாதி வழியில் பஸ் ஒன்று நின்றது. கோர்ட் வாசலில்தான் நிற்கும், ஏறிக்கொள்கிறீர்களா என்று கண்டக்டர் கேட்டார்.

"நாங்க பஸ்ல ஏறிட்டா," என்றார் மாசானம், மூச்சு வாங்கிக்கொண்டு, "காரை யாரு தள்ளுவா?"

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது.

பத்து மணிக்குச் சரியாகக் கோர்ட் வளாகத்துக்குள் கார் நுழைந்தது. கொம்பையா இறங்கி வேட்டியைச் சரிசெய்துகொண்டு, ஸ்டாம்பு விற்பவரையும் இளநீர்க்காரரையும் சாட்சிகளாக நிறுத்தினார். பானெட்டைத் திறந்தார்கள். கொம்பையா கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டார். அதற்கும் பதில் இல்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து, பேர் கூப்பிடும் கோர்ட் சேவகரான டவாலியின் குரல் வந்தது: "கொம்பையா!"

"அண்ணாச்சி, உங்க பேரு," என்றான் இருளப்பன்.

"தெரியுது. விசாரணையை நடுவுல விட்டுட்டுப் போக முடியுமாவே?"

"கொம்பையா!" என்றது குரல், இரண்டாவது தரம்.

கொம்பையா முகத்தைச் சுளித்தார். "உள்ள போயி, இங்க ஒரு விசாரணை நடக்குது, கொஞ்சம் மெதுவாக் கூப்பிடச் சொல்லு."

இருளப்பன் ஓடிப்போய்ச் சொன்னான். டவாலி நல்ல மனுஷன். மூன்றாவது தரம் யாருக்கும் தொந்தரவில்லாமல், காதோடு சொல்வதுபோலக் கூப்பிட்டார்.

வளாகம் அமைதியானது. கொம்பையா தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சிகள் இருவரும் கேட்க, இன்ஜினைப் பார்த்துக் கடைசித் தரமாக உரக்கக் கூப்பிட்டார்:

"புளியம்பாறை சங்கக் கார், இன்ஜின் நடுவே இருப்பு, ஹெட் கேஸ்கெட்!"