இடப்பக்கம் விழுந்த வண்டி

இதைக் கேட்பவர் முதலில் சில செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும்.

மோட்டார் சைக்கிளின் சைடு ஸ்டாண்டு வண்டியின் இடப்பக்கம் உள்ளது. அது பின்னோக்கி மடங்கும். ஆகவே, சரிவில் கீழ்நோக்கி, கியர் போடாமல் நிறுத்திய வண்டி ஓரடி முன்னே உருண்டாலும் ஸ்டாண்டு மடங்கிவிடும். வண்டி இடப்பக்கம் சாயும். முதல் கியரில் நிறுத்தினால் உருளாது. ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு இந்தக் கவலை இல்லை. நடு ஸ்டாண்டைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

சௌந்தரபாண்டியன் இருபத்திரண்டு ஆண்டுகள் ஸ்கூட்டர் ஓட்டியவர். ஐம்பத்து மூன்றாம் வயதில், முன்னும் பக்கங்களிலும் பளபளக்கும் பிளாஸ்டிக் உறை பொருத்திய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். அவ்வுறைக்கு ஃபேரிங் என்று பெயர். திருச்சி கருமண்டபத்தில் அவர் வசிக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரும் அவரே. அங்கே ஒரு விதி உண்டு. நுழைவாயிலின் சரிவில் நிற்கும் இருசக்கர வண்டிகளின் ஹேண்டிலைப் பூட்டக் கூடாது. தண்ணீர் லாரி வரும்போது காவலாளி அவற்றை நகர்த்த வேண்டும். இவ்விதியை எழுதி, கையொப்பமிட்டு, வாயிலில் ஒட்டியவர் சௌந்தரபாண்டியன்.

காவலாளியின் பெயர் மாசிலாமணி. வயது அறுபத்தொன்று. மனைவியோடு படிக்கட்டின் அடியிலுள்ள அறையில் குடியிருந்தார். வேலை போனால் அறையும் போகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சௌந்தரபாண்டியன் சரிவில் நிறுத்திவிட்டு நான்கடி நடப்பதற்குள் வண்டி விழுந்தது. மாசிலாமணி ஓடிவந்து, அவரோடு சேர்ந்து அதைத் தூக்கினார். முதல் மாடியில் வசிக்கும் கற்பகவல்லி, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன சார், விழுந்துடுச்சா?"

"மாசிலாமணி நகத்துறப்ப தள்ளிட்டாரு" என்றார் சௌந்தரபாண்டியன்.

அவ்வேளையில் மாசிலாமணியின் இரு கைகளும் வண்டியின் மேல் இருந்தன.

இனிக் கதை.

பொன்மலையில் தையல்நாயகி என்பவர் ஒரு பட்டறை வைத்திருந்தார். வயது முப்பத்து நான்கு. சனிக்கிழமைகளில், வண்டி வைத்திருப்போருக்குத் தத்தம் வண்டியைத் தாமே கழற்றி மாட்டக் கற்பித்தார். தம்மைவிட மூத்த மாணவர்களும் அவரை மாஸ்டர் என்றே அழைத்தனர். அம்மாணவர்களுள் சௌந்தரபாண்டியன் ஒருவர். ரெடிமேட் துணிக்கடை நடத்தும் ஷாஜஹான் மற்றொருவர்.

அந்தச் சனிக்கிழமை காலை சௌந்தரபாண்டியன் வந்தபோது, ஷாஜஹான் தம் வண்டியின் சங்கிலிக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சார், இந்தப் பக்கம் பூரா உரசியிருக்கு? எந்த ரோடு?"

"ரோடு இல்ல பாய். வீட்ல."

"வீட்லயா?" ஷாஜஹான் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தார். "பைபாஸ்ல விழுந்தா பத்துப் பேர்ட்ட சொல்லலாம். வீட்ல விழுந்தா வீட்ல இருக்கவங்ககிட்டகூட சொல்ல முடியாதே."

"நான் விழல. வண்டிதான் விழுந்துச்சு."

"வண்டியாவே விழுந்துச்சா? ரொம்ப சுயமரியாதை உள்ள வண்டி சார்."

தையல்நாயகி ஃபேரிங்கை விரலால் தட்டிப் பார்த்தார். ஓரிடத்தில் ஓசை வேறாக இருந்தது.

"மாஸ்டர், விழுந்ததே தெரியாத மாதிரி செய்ய முடியுமா?" என்று சௌந்தரபாண்டியன் கேட்டார். "நாளைக்குள்ள முடிஞ்சா நல்லது."

"முதல்ல கழட்டுங்க."

அப்பட்டறையில் கழற்றுவதற்கு ஒரு முறை இருந்தது. பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதில் ஃபேரிங்கின் உருவத்தை வரைய வேண்டும். எந்த இடத்து ஸ்க்ரூவோ, படத்தில் அதே இடத்தில் துளையிட்டுக் குத்திவைக்க வேண்டும். நீள ஸ்க்ரூவும் குட்டை ஸ்க்ரூவும் இடம் மாறாமல் இருக்க அதுவே வழி. ஆனால் படத்துக்கும் முன்னதாக, அட்டையின் தலைப்பில், வண்டி எப்படி விழுந்தது என்று ஒரு வரி எழுத வேண்டும். விழுந்த விதம் தெரிந்தால்தான் உள்ளே எதைத் தேடுவது என்று தெரியும்.

சௌந்தரபாண்டியன் பேனாவைச் சற்று நேரம் வைத்திருந்தார். பிறகு எழுதினார்: செவ்வாய்க்கிழமை, காவலாளி நகர்த்தும்போது விழுந்தது.

தையல்நாயகி அதைப் படித்தார்.

"அவருக்கு அடி பலமா?"

"யாருக்கு?"

"வாட்ச்மேனுக்கு. வண்டிய நகத்துறவர் இடது பக்கம்தான் நிப்பாரு. வண்டி இடது பக்கம் விழுந்திருக்கு. அவர் மேலதானே விழுந்திருக்கணும்?"

"இல்ல. அவர்... தப்பிச்சுட்டாரு."

"நல்ல வேளை" என்றார் தையல்நாயகி. அதில் ஏளனம் இல்லை. அதனாலேயே சௌந்தரபாண்டியனால் நிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

"வயசானவரா?"

"அறுபத்தொண்ணு. நாளைக்கு மீட்டிங்ல அவர் விஷயம் வருது. முதல் மாடிக்காரங்க எழுதிக் கொடுத்துட்டாங்க, வேற ஆள் பாக்கணும்னு. போன வருஷம் அவங்க கார்லயும் ஒரு கீறல் விழுந்துச்சு."

"அதுவும் அவர்தானா?"

"தெரியாது. இது நடந்ததும் அதுவும் அவர்தான்னு ஆயிடுச்சு."

"எங்க போவாரு?"

சௌந்தரபாண்டியன் ஸ்க்ரூ கழற்றும் ஆலன் கீயைத் தேடுவதுபோல் குனிந்தார்.

ஷாஜஹான் தேநீர் வாங்கிவரச் சென்றார். தையல்நாயகி வேறொரு வண்டியின் பக்கம் திரும்பினார். சௌந்தரபாண்டியன் இருக்கையை எடுத்தார். ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அட்டையில் குத்தினார். ஐந்து வந்தன. ஃபேரிங் ஒரு முனையில் அசைந்தது.

இழுப்பதற்கு முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும் என்பது அங்கே கற்பிக்கப்பட்ட பாடம். மறைவில் ஒரு ஸ்க்ரூ இருப்பது வழக்கம். அவர் தடவிப் பார்க்கவில்லை. இழுத்தார்.

சுள்ளி முறிவதுபோல் ஓர் ஓசை கேட்டது.

சுற்றிலும் பார்த்தார். எவரும் திரும்பவில்லை. ஆறாவது ஸ்க்ரூவைக் கண்டுபிடித்துக் கழற்றினார். இண்டிகேட்டர் ஒயரைப் பிரித்தார். ஃபேரிங்கைத் தூக்கிச் சாக்கின்மேல் குப்புற வைத்தார்.

"முடிஞ்சுது மாஸ்டர்."

தையல்நாயகி வந்து குந்தினார். ஃபேரிங்கின் உட்புறம், வண்டியில் செருகி நிற்பதற்கென்று சிறு பிளாஸ்டிக் நாக்குகள் உண்டு. அவற்றுள் இரண்டு முறிந்திருந்தன. முறிந்த துண்டுகளை எடுத்துத் தம் உள்ளங்கையில் அருகருகே வைத்தார்.

"ரெண்டும் செவ்வாய்க்கிழமை உடைஞ்சதா?"

"ஆமா."

உள்ளங்கையை வெளிச்சத்தில் நீட்டினார். ஒரு துண்டின் முறிந்த விளிம்பில் தூசி படிந்து கறுத்திருந்தது. மற்றதன் விளிம்பு உடைத்த தேங்காய்போல் வெளுத்திருந்தது.

சௌந்தரபாண்டியன் இரண்டையும் பார்த்தார்.

"இது இப்ப" என்றார். "நான் இழுத்தேன்."

"ஸ்க்ரூ மிச்சம் இருந்துதா?"

"இருந்துது."

"எழுதிடுங்க. எந்த நாக்கு எப்ப போச்சுன்னு தெரியணும்."

அவர் எழுதினார்: பின் நாக்கு, கழற்றும்போது நான் உடைத்தது. ஐம்பத்து மூன்று வயதில் அவ்வாறு ஒரு வரியை அவர் எழுதியதில்லை. திட்டியிருந்தால் எதிர்த்து ஏதேனும் சொல்லியிருக்கலாம். தையல்நாயகி திட்டவில்லை. எழுந்து வண்டியின் முன்னால் சென்று நின்றார்.

"இங்க வாங்க சார்."

ஹேண்டிலை நேராகப் பிடித்தார்.

"இப்படி நேரா இருக்கறப்ப வண்டி சாஞ்சா, இந்த ஹேண்டில் நுனிதான் முதல்ல தரைய தொடும். பாருங்க, நுனியில ஒரு கோடுகூட இல்ல."

பிறகு ஹேண்டிலை இடப்பக்கம் முழுவதுமாகத் திருப்பினார். நுனி உள்ளே ஒடுங்கியது. ஃபேரிங் வெளியே துருத்தியது.

"இப்படி இருந்தாத்தான் அடி மொத்தமும் ஃபேரிங்குக்குப் போகும். விழுந்து புரண்டும் ஹேண்டில் அசையல. பூட்டியிருந்துச்சு."

ஷாஜஹான் மூன்று தேநீர்க் குவளைகளோடு வந்து நின்றிருந்தார். அவற்றை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"பூட்டின வண்டிய யாரு சார் நகத்துவா?" என்றார் ஷாஜஹான். கேட்டபின், கேட்டிருக்க வேண்டாமோ என்பதுபோல் குவளைகளைப் பார்த்தார்.

"சாவி யார்கிட்ட இருந்துச்சு?" என்று தையல்நாயகி கேட்டார்.

"என்கிட்ட."

பின் சௌந்தரபாண்டியன் தாமாகவே சொன்னார்.

"புது வண்டி. யாரும் தொட வேணாம்னு பூட்டினேன். கியர் போடல. ஸ்கூட்டர் பழக்கம். ஒரே ஒரு வார்த்தை மாஸ்டர், வாயில வந்துடுச்சு. கற்பகவல்லி மேடம் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க."

"அந்த வார்த்தைய சொன்னப்ப அவர் எங்க இருந்தாரு?"

"பக்கத்துல. வண்டிய புடிச்சுக்கிட்டு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல." அவர் குரல் தாழ்ந்தது. "மேடம் உள்ள போனப்புறம் துணி கொண்டாந்து குடுத்தாரு. கையில கிரீஸா இருக்கு சார், தொடச்சுக்கங்கன்னு."

"தொடச்சீங்களா?"

"தொடச்சேன்."

ஷாஜஹான் ஒரு குவளையை அவர் அருகில் வைத்துவிட்டுத் தம் வண்டிக்குப் போனார்.

சௌந்தரபாண்டியன் அட்டையை எடுத்தார். தலைப்பு வரியின்மேல் பேனாவை வைத்தார்.

"அடிச்சுட்டு எழுதவா?"

"எனக்குத் தெரிய வேண்டியது தெரிஞ்சுடுச்சு சார்" என்றார் தையல்நாயகி.

பேனா அவ்விடத்திலேயே நின்றது.

தையல்நாயகி வேலையைத் தொடங்கினார். முறிந்த நாக்குகளைப் பொருத்தினார். உட்புறத்தில் மெல்லிய கம்பி வலையை வைத்து, பசையைக் குழைத்துப் பூசினார். சௌந்தரபாண்டியன் பிடித்துக்கொண்டார்.

"திங்கட்கிழமை வாங்க. பசை இறுக ரெண்டு நாள் ஆகும்."

"அதுவரைக்கும் வண்டி?"

"எடுத்துட்டுப் போங்க. ஃபேரிங் இல்லாட்டியும் ஓடும்."

தொங்கிய இண்டிகேட்டரைச் சட்டத்தோடு இறுகக் கட்டி, எரிகிறதா என்று பார்த்தார். வண்டியின் இடப்பக்கத்தில் குழாய்களும் ஒயர்களும் என்ஜினின் கறுத்த விலாவும் திறந்து கிடந்தன.

"இது இங்கயே நிக்கட்டுமே. நான் ஆட்டோல போயிடறேன்."

"இங்க இடமில்ல சார்."

பட்டறையில் இன்னும் மூன்று வண்டிகளுக்கு இடம் இருந்தது. சௌந்தரபாண்டியன் அவ்விடத்தைப் பார்த்தார். பின் தம் வண்டியைப் பார்த்தார்.

"பாக்கறவங்க எல்லாம் கேப்பாங்களே, மாஸ்டர்."

"கேப்பாங்க" என்றார் தையல்நாயகி.

அதன்பின் உறுதியான செய்திகள் இவை.

வழியில் இருவர் கேட்டனர். பெட்ரோல் பங்கில் கேட்டவரிடம், விழுந்துவிட்டது என்றார். இரண்டாம் மாடிக்காரரிடம், நிறுத்தியதில் ஏதோ தவறு என்றார். மூன்றாவதாகக் கேட்டவர் கற்பகவல்லி. சரிவில் காய்கறிப் பையோடு நின்று கேட்டார். அவரிடம் முழுவதையும் சொன்னார். "அப்ப அன்னைக்கு ஏன் சார்..." என்று தொடங்கிய கற்பகவல்லி, வாக்கியத்தை முடிக்காமல் மாடியேறிவிட்டார்.

ஞாயிறு கூட்டம் பத்து மணிக்குத் தொடங்கிற்று. காவலாளியை மாற்றும் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்படவில்லை. செயலாளர் விதியை மீறி ஹேண்டிலைப் பூட்டியதும், தம் பிழையைக் காவலாளியின்மேல் ஏற்றியதும் கூட்டக் குறிப்பில் பதிவாயின. குறிப்பு எழுதுவது செயலாளரின் பொறுப்பாதலால், அவற்றை அவரே எழுதினார். அவர் பதவி விலக முன்வந்தார். அப்பதவியை ஏற்க வேறெவரும் முன்வராததால் அது ஏற்கப்படவில்லை.

கார்க் கீறலை யார் செய்தது என்பது இன்றுவரை தெரியவில்லை.

கூட்டம் முடிந்ததும் சௌந்தரபாண்டியன் படிக்கட்டின் அடிக்குச் சென்றார். அறை திறந்திருந்தது. உள்ளே இரண்டு டிரங்குப் பெட்டிகள் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மாசிலாமணியின் மனைவி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சௌந்தரபாண்டியன், தாம் சொல்ல வேண்டியதை வாசலில் நின்றவாறே சொன்னார்.

மாசிலாமணி கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ வாயத் தொறக்காதன்னு வீட்ல சொல்லிட்டாங்க சார். செக்ரெட்டரி சார் நல்லவரு, அவரே சொல்லிடுவாருன்னு."

சௌந்தரபாண்டியன் பெட்டிகளைக் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.