நடு ஆற்றில் நின்ற உப்பு

“என் மாவடு அழுகுது, உன் வீட்டுக்காரர் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்! என் மாவடு அழுகுது, உன் வீட்டுக்காரர் வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருக்கார்!”

ஓர் எழுத்து மாறாமல் இதையே ஏழு தடவை சொன்னாள் சவுந்தரம். வெளியுறவு அமைச்சர் தாண்டவராயன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, அமைச்சரின் மனைவி குஞ்சம்மாளிடம்.

“உனக்காவது மாவடு. எனக்கு மனுஷன்,” என்றாள் குஞ்சம்மாள். “காலையில காபி வேணுமான்னு கேட்டேன். பதில் இல்ல. மறுபடி கேட்டேன். ‘கேள்வியைப் பத்து நாள் முன்னால் எழுத்தில் கொடுக்கவும்’னு ஒரு சீட்டை நீட்டுறார். சரின்னு எழுதிக் கொடுத்துட்டேன். பத்து நாளைக்கு அவருக்குக் காபி கிடையாது.”

உள்ளே ஊஞ்சலில் இருந்த தாண்டவராயன் காபி வாசனை வந்த பக்கம் மூக்கை மட்டும் திருப்பினார். வாயைத் திறக்கவில்லை.

கோணக்கரை நாட்டில் இதெல்லாம் அதிசயம் இல்லை. நாடு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏழு தெரு, ஒரு சந்தை, ஓர் ஆறு. ஆற்றின் நட்ட நடுவில் எல்லை. அந்தப் பக்கம் வேறு நாடு. கோணக்கரைக்கு உப்பு அங்கிருந்துதான் வரவேண்டும்.

பெரிய நாடுகளில் உறுப்பினர்கள் அமைச்சர்களை நிற்கவைத்துக் கேள்வி கேட்பார்களாம் என்று யாரோ வழிப்போக்கர் சொல்லிவிட்டுப் போனார். போதாதா? தெருவுக்கு ஒருவராக ஏழு உறுப்பினர்கள், அவைத்தலைவராக ஆவுடையப்பன், எல்லைக்கு வெளியே நடப்பதற்குத் தாண்டவராயன், எல்லைக்கு உள்ளே நடக்கும் பொருளாதாரத்துக்குச் சிட்டிபாபு என்று ஒரே நாளில் அவை தயார். எப்படிக் கேட்பது என்று தெரியவேண்டுமே? சந்தையில் பழைய விதிப்புத்தகம் ஒன்று கிடைத்தது. நாலு பக்கம்தான் மீதி இருந்தது. மற்ற பக்கங்களில் கடைக்காரர் சுண்டல் மடித்துக் கொடுத்துவிட்டார். அவசரம் என்றால் என்ன செய்வது என்கிற பக்கமும் சுண்டலோடு போயிருக்கும்.

இப்போது அவசரம்தான். ஒரு வருஷத்து உப்பை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு காதர் பாயின் படகு நடு ஆற்றில் நங்கூரம் போட்டு நின்றது. அந்த நாட்டுக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: ‘உப்பை வாங்கிக்கொள்கிறோம்’ என்று கோணக்கரை அமைச்சர் ஒருவர் கையெழுத்துப் போட்ட காகிதம். அது கைக்கு வரும்வரை படகு கரையைத் தொடக்கூடாது. மூட்டைகளுக்கு மேலே தார்ப்பாய் கிடையாது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களும் நானும் என்றால் அடுப்பில் பால் பொங்குவதற்குள் போட்டுவிட்டு வந்துவிடுவோம். ஆனால் விதிப்புத்தகத்தின் மூன்றாம் பக்கம், ‘அமைச்சர் தமது முடிவை அவையில், உறுப்பினரின் கேள்விக்குப் பதிலாகவே தெரிவிக்க வேண்டும்’ என்றது. அதைப் படித்த தாண்டவராயன், எதற்கு வம்பு என்று அவைக்கு வெளியே பேசுவதையே நிறுத்திவிட்டார்.

சவுந்தரம் மேலத்தெருவின் உறுப்பினர். உப்புப் படகு வருகிறது என்ற செய்தியை நம்பி, தெரு முழுவதற்குமாக ஒரு அண்டா நிறைய மாவடு பறித்து வைத்திருந்தாள். உப்பு இல்லாத மாவடு எத்தனை நாள் தாங்கும்? காலையும் மாலையும் தண்ணீர் மாற்றினாள், விசிறினாள், திட்டினாள். ‘உப்பு எப்போது கரைக்கு வரும்?’ என்று கேள்வியும் எழுதிக் கொடுத்துவிட்டாள். முதல் பக்கத்தின்படி அதற்குப் பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

“மேகம் பத்து நாள் காத்திருக்குமா?” என்று அவள் போட்ட கூச்சலில் அவைத்தலைவர் அவசரமாக எல்லாரையும் கூட்டினார்.

“கேள்விக்குப் பத்து நாள். மழைக்கு எத்தனை நாள்?” என்று ஆரம்பித்தார் கீழத்தெரு உறுப்பினர் கோவிந்தசாமி.

“மழைக்கும் அதேதான். முன்கூட்டியே எழுதிக் கொடுக்காம எப்படி வரும்?” என்றார் சிட்டிபாபு.

“எழுதிக் கொடுத்திருக்கா?”

“இல்லையே.”

“அப்ப வராது.”

“அதுக்கு விதி தெரியாதே, பாவம். தெரியாம வந்துட்டா?”

எல்லாரும் கவலையோடு யோசித்தார்கள். கடைசியில், ‘கேள்வி நேரம் பத்தாம் நாள். தாங்களும் அன்றே வரவும்’ என்று மழைக்கு ஒரு ஓலை எழுதுவது என்று முடிவாயிற்று. நாட்டிலேயே உயரமான தென்னையின் உச்சியில் அதைக் கட்டவேண்டும். எழுத்து மேலே பார்க்கவேண்டுமா, கீழே பார்க்கவேண்டுமா என்று அரை நாள் விவாதம்.

“மேகம் மேல இருந்துதானேய்யா படிக்கும்?” என்று கோவிந்தசாமி கேட்டதும்தான் தெளிவு பிறந்தது. அவரே மரத்தில் ஏறிக் கட்டிவிட்டு, நெஞ்செல்லாம் சிராய்ப்போடு இறங்கினார்.

அன்று சாயங்காலம் காற்று திரும்பி மேகம் கலைந்துவிட்டது. இதற்குப் பிறகு அவர்களோடு யார் பேசமுடியும்?

பத்தாம் நாள் காலை. சந்தைக் கொட்டகையில் அவை கூடியது. ஜன்னல் வழியாக ஆறும் படகும் தெரிந்தன. அண்டாவில் பாதி மாவடு போய்ச்சேர்ந்திருந்தது. மீதியைக் காப்பாற்றிவிடலாம் என்று சவுந்தரம் காகிதமும் பேனாவும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

கேட்பவரும் பதில் சொல்பவரும் அவைத்தலைவரையே நோக்கவேண்டும் என்பது இரண்டாம் பக்கம். ஆகவே எல்லாரும் கண்கொட்டாமல் ஆவுடையப்பனைப் பார்த்தார்கள். அவருக்குக் கூச்சமாகப் போய்விட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்படியும் பார்த்தார்கள். திரும்பி உட்கார்ந்தார். எல்லாரும் எழுந்து அந்தப் பக்கமாகப் போய் நின்று பார்த்தார்கள். வெற்றிலை துப்ப அவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபோது, ஒன்பது பேரும் கழுத்தை நீட்டி, அவர் துப்பி முடிக்கிறவரைக்கும் அவையின் மாண்பைக் காத்தார்கள்.

“உப்பு எப்போது கரைக்கு வரும்?” என்று ஆவுடையப்பனைப் பார்த்துக் கத்தினாள் சவுந்தரம்.

“எனக்கென்னம்மா தெரியும்?” என்றார் அவர் பயந்துபோய்.

“உங்களை இல்ல தலைவரே, உங்களைப் பார்த்து அவங்களைக் கேட்கிறேன்!”

பத்து நாள் மௌனத்துக்குப் பிறகு தாண்டவராயன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். “மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, உப்பைப் பொறுத்தவரையில்...”

“நிறுத்துங்க!” என்றார் ஜன்னலோரம் இருந்த கோவிந்தசாமி. “படகு ஆட்டத்துல இந்தப் பக்கம் வந்துடுச்சு. இப்ப எல்லைக்கு உள்ளே!”

தாண்டவராயன் உட்கார்ந்தார். சிட்டிபாபு எழுந்தார். “மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே, உப்பைப் பொறுத்தவரையில்...”

“வெளியே போயிடுச்சு!”

சிட்டிபாபு உட்கார்ந்தார். தாண்டவராயன் எழுந்தார். “உப்பைப் பொறுத்த...”

“உள்ளே!”

ஆற்றில் படகு ஆட ஆட, அவையில் இரண்டு அமைச்சர்களும் ஏறி இறங்கினார்கள். ஒரு மணி நேரத்தில் சிட்டிபாபுவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது.

“ஐயா சாமிகளே, ரெண்டு பேரும் ஒண்ணா எந்திரிச்சு ஒண்ணா கையெழுத்துப் போட்டுத் தொலையுங்களேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள் சவுந்தரம்.

பொருளாதார அமைச்சரின் முகம் கறுத்தது. “ரெண்டு கையெழுத்துன்னா ரெண்டு வருஷத்து உப்பு வந்து இறங்கிடும்மா. அவ்வளவையும் எங்கே கொட்டுறது? உப்பு மலிஞ்சு போனா ஜனங்க அதிகமா போட்டுப்பாங்க. அப்புறம் தண்ணி குடிப்பாங்க. அப்புறம் ஆறு வத்திடும். ஆறு வத்திட்டா படகு எப்படி வரும்?”

இதில் தவறு கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை. மேசையைத் தட்டினார்கள்.

கடைசியில் ஆவுடையப்பனுக்கே ஒரு யோசனை தோன்றியது. ஜன்னல் வழியாக, “காதர் பாய்! படகை ஆடாமப் பிடிங்க!” என்று கூவினார். காதர் பாய் நல்ல மனுஷன். பத்து நாளாக வெயிலில் காய்ந்தும் நல்ல மனுஷனாகவே இருந்தார். இன்னொரு நங்கூரத்தையும் போட்டார். படகு அசையாமல் நின்றது. சரியாக எல்லைக் கோட்டின்மேல் நின்றது.

“உள்ளேயா, வெளியேயா?”

“ரெண்டும் இல்ல.”

இரண்டு அமைச்சர்களும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். அது இருவர் துறையும் இல்லை.

“அப்ப எல்லைக் கோட்டுக்குன்னு தனியா ஒரு அமைச்சர் வேணும்,” என்றார் கோவிந்தசாமி. “உப்பு விஷயம் முழுக்கத் தெரிஞ்சவங்களா இருக்கணும்.”

எல்லாரும் சவுந்தரத்தை நினைத்தார்கள். விதிப்படி ஆவுடையப்பனைப் பார்த்துக்கொண்டே நினைத்ததால் ஒரு கணம் அவரே அமைச்சராகிவிடப் பார்த்தார். எப்படியோ சமாளித்து, ஒருமனதாகச் சவுந்தரத்தை எல்லைக்கோட்டு அமைச்சர் ஆக்கினார்கள். தலைவர் பதவிப்பிரமாணமும் செய்துவைத்தார்.

சவுந்தரத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “என் தங்கங்களா!” என்று காகிதத்தைத் தொடையில் வைத்துப் பேனா மூடியைத் திறந்தாள்.

“பொறுங்கம்மா,” என்றார் ஆவுடையப்பன். “அமைச்சர், கேள்விக்குப் பதிலாத்தானே முடிவு சொல்லணும்? கேள்வி எங்கே?”

“உங்க மேசையில பத்து நாளா கிடக்கே, அது என்ன?”

“அது மேலத்தெரு உறுப்பினர் சவுந்தரம் கேட்டது. மேலத்தெருவுக்கு இப்ப உறுப்பினர் இல்லையேம்மா.”

“நான்தானேய்யா அது!”

“நீங்க அமைச்சர். உறுப்பினர் கேட்கணும், அமைச்சர் பதில் சொல்லணும். நாலாம் பக்கம்.”

“சரி, வேற யாராவது கேட்டுத் தொலைங்க!”

கோவிந்தசாமிக்கு இளகிய மனசு. உடனே ஒரு சீட்டை எடுத்து, ‘உப்பு எப்போது கரைக்கு வரும்?’ என்று அச்சடித்தாற்போல எழுதி, மடித்து, தலைவரிடம் கொடுத்தார்.

தலைவர் அன்போடு வாங்கி வைத்துக்கொண்டார். “பத்தாம் நாள் பதில் சொல்லுங்கம்மா.”

அப்போதுதான் இடி இடித்தது. கொடுத்த தேதிக்குச் சரியாக மழை வந்துவிட்டது. அந்த அவையில் சொன்ன நாளில் சொன்ன வேலையைச் செய்தது அது ஒன்றுதான்.

“இன்னொரு ஓலை கட்டிடலாமா?” என்றார் சிட்டிபாபு.

“மரம் வழுக்குமே,” என்றார் கோவிந்தசாமி.

மழையென்றால் அப்படி ஒரு மழை. சாக்குகள் நனைந்து, சுருங்கி, துவண்டன. படகின் இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக ஒழுகியது. பாரம் குறையக் குறையப் படகு தண்ணீருக்குமேல் எழும்பிக்கொண்டே வந்தது.

அதைப் பார்த்த சிட்டிபாபு, முழங்கால் வலியையும் மறந்து எழுந்தார். “மாண்புமிகு அவைத்தலைவர் அவர்களே! காலையில் இருந்ததைவிடப் படகு இரண்டு முழம் உயர்ந்திருக்கிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன்!”

பலத்த கைதட்டல்.

தாண்டவராயனும் சும்மா இருக்கவில்லை. உப்பு கரைந்த தண்ணீர் இந்தக் கரைப்பக்கம் ஒதுங்குவதைக் காட்டி, “கையெழுத்தே போடாமல் உப்பைக் கரைக்கு வரவழைத்த முதல் நாடு நாம்தான்!” என்றார். அவை எழுந்து நின்றது. உப்பு கரைக்கு வந்த நேரம் பதினொன்றே கால் என்று ஆவுடையப்பன் குறித்துக்கொண்டார்.

காதர் பாய் இரண்டு நங்கூரத்தையும் எடுத்து, காலிப் படகைத் தன் ஊர்ப் பக்கம் திருப்பினார்.

இவ்வளவு நேரம் சவுந்தரத்தைக் காணோமே என்று நினைக்கிறீர்களா? தாண்டவராயன் சொன்னதை அவள் ஒருத்திதான் நிஜமாகவே காதில் வாங்கியிருந்தாள். உப்பு ஆற்றில் இருக்கிறது என்றால் மாவடுவை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கொட்டும் மழையில் ஓடினாள். அண்டாவை உருட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தாள். மிச்சமிருந்த மாவடுவை ஒன்று விடாமல் ஆற்றில் கொட்டினாள். மிளகாய்ப்பொடியைத் தூவினாள், கடுகுப்பொடியைத் தூவினாள், கைப்பிடி மஞ்சளும் போட்டாள். மேலே ஒரு சுற்று விளக்கெண்ணெயும் விட்டாள். கை கழுவிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் இந்தக் கரையின் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, கைதட்டல் இன்னும் ஓயாத கொட்டகையைப் பார்த்து, தொண்டை கிழியக் கூவினாள்:

“மாவடுவை தினம் ஒரு தடவை குலுக்கி வைக்கணும்! நான் ஒருத்தியா எப்படிக் குலுக்குறது? யாராவது வந்து ஆத்தை அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிங்களேன்!”