கடலைக்காட்டில் திறந்த மடை

வெட்டாமல், தீ வைக்காமல், ஓர் ஏக்கர் பயிரைத் தண்ணீரை விட்டே கொன்றார்கள். கொன்றது யார்? கடைசியில் கேட்பேன், கவனித்துக்கொண்டே வாருங்கள்.

குடிமங்கலத்துப் பக்கம் ஒரு கரிசல் தோட்டம். அதன் பெரியவர் இரண்டு மகன்களுக்கும் ஆளுக்கோர் ஏக்கர் கொடுத்துக் கொண்டைக்கடலை விதைக்கச் சொன்னார்.

"எவன் அதிகம் எடுக்கறானோ, தோட்டமும் கிணறும் அவனுக்கு. தோத்தவன் அவங்கிட்டயே கூலிக்கு நிக்கோணும்."

இளையவன் கந்தவேலின் மனைவி துளசிமணி, கடலைச் சாகுபடிப் பயிற்சிக்குப் போய்வந்தாள். மூத்தவன் பொன்னையனும் அங்கே பின்வரிசையில் இருந்தான். கேட்டதில் எதையும் அவன் செய்யவில்லை. எதையும் மறக்கவும் இல்லை.

துளசிமணி விதைநேர்த்தி செய்து, அடிக்கொரு வரிசையாக விதைத்தாள். முப்பதாம் நாள் ஏக்கர் முழுவதும் குனிந்து கொழுந்து கிள்ளினாள். இலையின் புளிப்பு நீர் பட்டு விரல்கள் வெடித்தன. செடிகள் பக்கக்கிளை விட்டுப் படர்ந்தன. பொன்னையன் செடியில் முப்பது காய் என்றால் இவள் செடியில் எழுபது.

பிஞ்சு முற்றுவதற்குள் மேல்மண் வெடித்தது. கந்தவேல் பதறினான். துளசிமணி ஒரு சாண் தோண்டி மண்ணைப் பிடித்துக் காட்டினாள், உருண்டை உதிரவில்லை.

"உள்ளே ஈரம் இருக்குதுங்க. இப்பத் தண்ணி விட்டா வேர் அழுகிப்போயிருமுங்க."

ஓங்கி அறைந்தான். "ரெண்டு நாள் பயிற்சிக்குப் போனவ எனக்கு வெள்ளாமை சொல்லித்தர்றாளாமா!"

அன்று கிணற்றுத் தண்ணீர் அண்ணன் முறை. தம்பி போய்க் கேட்டான். பொன்னையன் சிரித்தான். "இதுக்குக் கேக்கோணுமாடா? நாளைக்கும் நீயே எடுத்துக்க."

"போய் மடையைத் தொற" என்று மனைவியை ஏவிவிட்டுக் கந்தவேல் டீக்கடைக்குப் போனான்.

துளசிமணியின் கன்னத்தில் அவன் விரல்கள் பதிந்திருந்தன. மடையைத் திறந்தாள். நாலு பாத்தி நனைந்ததும் அடைத்திருக்கலாம். அடைக்கவில்லை. பொழுது சாயும்வரை வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஏழு வயது மகள் தாரணி.

ஐந்தாம் நாள் இலைகள் மஞ்சளாயின. பத்தாம் நாள் தூர் அழுகிச் செடிகள் சாய்ந்தன. தோட்டம் பொன்னையனுக்குப் போனது. கந்தவேலும் துளசிமணியும் அங்கேயே கூலிக்கு நின்றார்கள்.

கேட்டவன், கொடுத்தவன், திறந்தவள். இவர்களில் பயிரைக் கொன்றது யார்?

கந்தவேலுக்குத் தெரியாது, சொன்னவளையும் அடித்தான். பொன்னையனுக்குத் தெரியும், ஆனால் கேட்டதைத்தான் கொடுத்தான். துளசிமணிக்கும் தெரியும், பயிரோ அவள் வளர்த்தது. ஊரார் ஆளுக்கொன்று சொன்னார்கள். பெரியவர் பேத்தியைக் கூப்பிட்டார்.

"கண்ணு, நீ வரப்புலயே இருந்தியே. வெள்ளாமையக் கெடுத்தது யாரு? காட்டு."

தாரணி அம்மாவைக் காட்டினாள்.