சட்டைப் பையில் டோக்கன்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று நேற்றிலிருந்து எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். கம்ப்யூட்டர் விஷயத்தில் ஒரு புள்ளி இடம் மாறினாலும் எல்லாம் கெட்டுவிடும் என்கிறார்கள். கதைக்கும் அப்படித்தானோ என்னவோ.

கோவில்பட்டியில் ஒரு காண்டீனில் நான் டோக்கன் கொடுக்கிறேன். மாடியில் திருமலைநம்பி புரோகிராம் எழுதச் சொல்லிக்கொடுக்கிறார். சின்ன வயது. அதிகம் பேசமாட்டார். அவரிடம் படிக்கிற மரகதவல்லி அவரைவிட மூத்தவள். நடந்ததில் பாதி அவள் சொன்னது. மீதி என் கண்ணெதிரே நடந்தது.

"சார், ஜெபராணி எழுதினதுதான் தப்பு," என்றாள் மரகதவல்லி.

நம்பி நிமிர்ந்து பார்த்தார்.

"என்னோடது சரியாத்தான் முடியுது சார்."

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்காக அவளும் கூடப் படிக்கிற ஜெபராணியும் சேர்ந்து ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். புரோகிராமில் ஒரு வேலையைத் தனியாகச் செய்கிற துண்டை ஆப்ஜெக்ட் என்பார்கள். மெஷினிடமிருந்து முடிவை வாங்குவது மரகதவல்லியின் ஆப்ஜெக்ட். அந்த முடிவை நோயாளியின் போனுக்கு அனுப்புவது ஜெபராணியின் ஆப்ஜெக்ட்.

மெஷின் கேட்டவுடன் தந்துவிடாது. நேரம் எடுக்கும். அதனால் மரகதவல்லியின் ஆப்ஜெக்ட் முதலில் ஒரு வாக்கை வெளியே கொடுக்க வேண்டும். 'முடிவு வரும், வந்ததும் அடுத்த ஆள் வேலையைத் தொடங்கலாம்' என்று. அதற்கு பிராமிஸ் என்று பெயராம். அதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த வேலை காத்திருக்கும். அதற்கடுத்தது இதைப் பிடித்துக்கொள்ளும். இப்படியே சங்கிலி. பிடித்துக்கொள்ள வாக்கு இல்லாவிட்டால் அடுத்தது காத்திருக்காமல் வெறுங்கையோடு போய்விடுமாம்.

சோதித்துப் பார்த்தபோது நம்பியின் போனுக்கு ரிப்போர்ட் வந்தது. பெயர் இருந்தது. முடிவு இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை நிலையத்துக்காரர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. இருவரில் ஒருவருக்கு அங்கேயே வேலை. ஒரே ஒரு இடம். மரகதவல்லிக்கு அந்த இடம் வேண்டும்.

"வெறும் ரிப்போர்ட்ட அனுப்பினது யாரு சார்? அவதானே?"

நம்பி அவள் எழுதியதைப் படித்தார். மேலிருந்து கீழே ஒரு முறை. கீழிருந்து மேலே ஒரு முறை.

"பிராமிஸ் உள்ளேயே இருக்கே. வெளிய குடுக்கலையா?"

"என் ஆப்ஜெக்ட் சார். எனக்குள்ளயே பத்திரமா இருக்கு."

"ஜெபராணிக்கு?"

"வேணும்னா அவ வந்து கேக்கட்டும்."

நம்பி எழுந்தார்.

"வாங்க, சாப்பிடுவோம்."

மூவரும் கீழே வந்தார்கள். ஜெபராணி கை கழுவப் போனாள். அந்த இடைவெளியில் மரகதவல்லி என் மேஜையில் சாய்ந்துகொண்டாள்.

"பேச்சியக்கா, அவ எனக்குப் பின்னால சேர்ந்தவ. சார் அவ ஸ்கிரீன் முன்னால நின்னா நகரவே மாட்டாரு. பலேங்காரு. பிரமாதங்காரு. எனக்கு என்ன தெரியுமா? ஒரு 'ம்'."

"அவ நல்லா எழுதுதாளோ என்னவோ," என்றேன்.

"நீங்களுமா?"

நான் டோக்கன்களை அடுக்க ஆரம்பித்தேன்.

எங்கள் காண்டீனில் ஒரு வழக்கம். டோக்கன் காட்டாமல் ஜன்னலில் எதுவும் தரமாட்டார்கள். முதலாளியின் மாமனாரே வந்தாலும் தரமாட்டார்கள். தோசையை வாங்கும்போது, அதைப் போடுகிற மாஸ்டர் தட்டோரத்தில் காபி டோக்கனை வைத்துத் தருவார். தோசை கைக்குப் போன பிறகுதான் காபி கலப்பார்கள். முன்கூட்டியே கலந்தால் ஆறிவிடும்.

"மரகதம் அக்காவுக்கு ஒரு மசால் தோசை," என்றார் நம்பி. "அதோட வர்ற காபி ஜெபராணிக்கு."

நான் டோக்கனை நீட்டினேன். மரகதவல்லி கை நீட்டினாள். நம்பி அதை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

உட்கார்ந்தார்கள். மாஸ்டர் மணியடித்து டோக்கன் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டார். மரகதவல்லி ஜன்னலுக்குப் போனாள்.

"டோக்கன்?"

"சார்கிட்ட இருக்கு அண்ணாச்சி."

"அப்ப சாரு வரட்டும்."

"அந்தா தோசை! எனக்குத்தான் போட்டீங்க!"

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுதாங்க."

பின்னால் நின்ற யாரோ சிரித்தார்கள். அவள் பக்கத்தில் அடுக்கியிருந்ததில் ஒரு வெறும் தட்டை எடுத்துக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள். எதற்கு எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

நம்பி அந்தத் தட்டைப் பார்த்தார்.

"தட்டு சரியில்லையோ?"

"டோக்கன் குடுங்க சார்."

"எதுக்கு?"

"தோசை ரெடியாயிட்டு!"

"ஆமா. நான் சொன்ன வேலை சரியாத்தான் முடிஞ்சிருக்கு."

"டோக்கன் உங்க பையில இருக்கு சார்!"

"பத்திரமா இருக்கு."

தோசை ஆறினால் முதலாளி என்னைத்தான் பிடிப்பார். எழுந்து போய்ச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அடுத்த ஆள் டோக்கன் கேட்டார்.

எதிரில் ஜெபராணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் ஒன்றுமே இல்லை.

"நான் காத்திருக்கேன்க்கா, பரவாயில்லை," என்றாள்.

மரகதவல்லியின் முகம் சிவந்துவிட்டது. அந்த வார்த்தைக்குப் பதிலாக ஒரு திட்டு வாங்கியிருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள்.

ஜன்னலில் தோசையின் ஓரம் சுருங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப அந்த வேலை யாருக்கு சார்?" என்றாள் மரகதவல்லி. குரல் மெலிந்திருந்தது.

நம்பி பையிலிருந்து டோக்கனை எடுத்து மேஜையில் வைத்தார். சரியாக இரண்டு பேருக்கும் நடுவில்.

ஜெபராணி கையை நீட்டவில்லை.

மரகதவல்லி டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது மெல்லப் போய் டோக்கனை எடுத்தது. இறுக்கிப் பிடித்தது. பிறகு ஜெபராணியின் உள்ளங்கையில் வைத்தது.

"போய் வாங்கிக்க. தரலைன்னா என்கிட்ட வந்து சொல்லு."

சாப்பிடாமலே மாடியேறிவிட்டாள்.

நம்பி முதல் தடவையாக அவளைப் பார்த்துத் தனக்குத்தானே "பலே" என்றார். அது அவள் காதில் விழவில்லை.

அன்றைக்கு அவள் இரண்டு வரி சேர்த்தாளாம். ஒன்று, பிராமிஸை வெளியே கொடுக்கிற வரி. இன்னொன்று சங்கிலியின் கடைசியில். வழியில் எந்த இடத்தில் எது தவறினாலும், யார் எழுதியதில் தவறினாலும், வெறும் ரிப்போர்ட் போகக் கூடாது, சேதி முதலில் மரகதவல்லிக்கு வர வேண்டும் என்று.

வெள்ளிக்கிழமை நிலையத்துக்காரர்கள் வந்தார்கள். முடிவுகள் ஒழுங்காகப் போயின. அவர்களில் ஒருவர் வேண்டுமென்றே மெஷினின் ஒயரைப் பிடுங்கினார்.

யார் போனுக்கும் ரிப்போர்ட் போகவில்லை. மரகதவல்லியின் போன் மட்டும் அடித்தது.

"இந்தக் கடைசி வரி யாரு எழுதினது?" என்று கேட்டார்கள்.

"அக்கா," என்றாள் ஜெபராணி, மரகதவல்லி வாயைத் திறப்பதற்கு முன்னால்.

இடம் மரகதவல்லிக்குக் கிடைத்தது.

இவ்வளவுதான். ஆனால் எழுதி முடித்த பிறகும் எனக்கு மனசு ஆறவில்லை. ஒயர் என்றேனே, அது ஒயர்தானா? அவளைச் சிடுமூஞ்சி மாதிரி காட்டிவிட்டேனோ? நாளைக்குக் காண்டீனுக்கு வந்து எல்லார் முன்னாலும் கேட்டால் என்ன செய்வேன்?

அதனால் இதை எடுத்துக்கொண்டு அவள் வேலை செய்கிற இடத்துக்கே போனேன். உட்கார வைத்து முழுவதும் படித்துக்காட்டினேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். முடிந்ததும் திறந்தாள்.

"எல்லாம் சரிதான் பேச்சியக்கா. ஒண்ணு விட்டுப்போச்சு."

நான் பேனாவை எடுத்தேன். "என்ன?"

"அந்தத் தோசைய அவ முழுசாத் தின்னுட்டா. எனக்கு ஒரு வாய் வைக்கல. சாரும் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டிருந்திருக்காரு. அதையும் எழுதுங்க."

எழுதிவிட்டேன்.